தரைக்கு மரம் பொருந்துமா?

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டிற்குள் நுழைகிறோம். அதன் பின் நாம் ஓயாமல் தொட்டுக்கொண்டே இருக்கும் பொருள் எது? சுவர் அல்ல, கதவும் அல்ல. தரைதான்! நடப்பது, உட்கார்ந்து சாப்பிடுவது, படிப்பது, பாய் விரித்துப் படுப்பது எல்லாம் அதன்மேல்தான்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை வழியிலுள்ள ஊர்களில் நின்று நின்று, வீட்டுத் தரைகளை மட்டும் பார்த்துக்கொண்டே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வகை! சாணம் மெழுகிய மண் தரை இருக்கும். சிமெண்டுடன் இரும்பு ஆக்சைடு கலந்து மெழுகிய சிவப்புத் தரை இருக்கும். மொசைக், கடப்பைக் கல், கிரானைட், பளபளக்கும் டைல்ஸ் எல்லாம் இருக்கும். இப்போது புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இன்னொன்றையும் காட்டுகிறார்கள். அதுதான் "மரத் தரை". தேக்குப் பலகை போன்ற நிறம், அழகான வரிகள். ஒரே நாளில் ஓர் அறைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழலாம். தரை என்பது ஒரு முறை போட்டால் இருபது, முப்பது ஆண்டுகள் இருக்க வேண்டிய பொருள். பெற்றோரின் பெரும் சேமிப்பு அதில் அடங்கியிருக்கிறது. எனவே அழகை மட்டும் பார்த்து முடிவு செய்யலாமா? பள்ளியில் படிக்கும் இயற்பியலையும் வேதியியலையும் துணைக்கு அழைத்துக்கொள்வோம்.

சன்மைக்காவின் உறவினர்

கடைகளில் மரத் தரை என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி லாமினேட் தரை. இதன் மேற்புறத்தில் தெரியும் மர வரிகள் மரத்தின் வரிகள் அல்ல. அவை தாளில் அச்சிட்ட படம்!

உங்கள் வீட்டு மேசையிலோ அலமாரியிலோ சன்மைக்கா ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சன்மைக்கா என்பது ஒரு வணிகப் பெயர். நம் தச்சர்கள் அதையே எல்லா லாமினேட் தகடுகளுக்கும் பொதுப் பெயராக்கிவிட்டார்கள். பல தாள்களைப் பிசினில் ஊறவைத்து, அடுக்கி, சூடாக்கி, மிகுந்த அழுத்தத்தில் அழுத்தினால் இத்தகடு கிடைக்கும். அமெரிக்காவில் 1912ஆம் ஆண்டில் ஓ'கானர், ஃபேபர் என்ற இரு பொறியாளர்கள் இத்தகைய பொருள் ஒன்றை உருவாக்கினார்கள். அவர்களுடைய நோக்கம் மேசைக்கு அழகு சேர்ப்பது அல்ல. மின்கருவிகளில் மின்காப்புப் பொருளாக அப்போது மைக்கா பயன்பட்டது. அதற்கு ஒரு மாற்று வேண்டியிருந்தது. "மைக்காவுக்குப் பதிலாக" என்ற பொருளில்தான் ஃபார்மைக்கா என்ற பெயரே பிறந்தது.

மேசையில் இருந்த லாமினேட் தரைக்கு இறங்க நெடுங்காலம் ஆயிற்று. சுவீடன் நாட்டின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977ஆம் ஆண்டில் லாமினேட் தரையை உருவாக்கியது. 1984இல் பெர்கோ என்ற பெயரில் ஐரோப்பாவில் அது விற்பனைக்கு வந்தது. முதலில் பலகைகளைப் பசை போட்டு ஒட்ட வேண்டியிருந்தது. 1990களின் பிற்பகுதியில், ஒன்றோடொன்று "கிளிக்" என்று பூட்டிக்கொள்ளும் விளிம்புகள் வந்தபின் பசையும் தேவையில்லாமல் போயிற்று.

இந்தத் தரை பிறந்த இடம் சுவீடன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

நான்கு அடுக்குகள்

ஒரு லாமினேட் பலகையைக் குறுக்கே வெட்டினால் நான்கு அடுக்குகள் தெரியும்.

மேலே இருப்பது காப்பு அடுக்கு. மெலமைன் என்ற பிசினில் ஊறிய மெல்லிய, ஒளி ஊடுருவும் தாள். மெலமைன் பிசின் ஒரு முறை சூட்டில் இறுகிவிட்டால் மீண்டும் உருகாது. நெய் உருகும், உறையும், மறுபடியும் உருகும். ஆனால் வெந்த இட்லி மீண்டும் மாவாகுமா? ஆகாது அல்லவா? மெலமைன் இட்லியைப் போன்றது.

இந்தக் காப்பு அடுக்கில் அலுமினியம் ஆக்சைடின் நுண்துகள்கள் கலந்திருக்கின்றன. இயற்கையில் இது குருந்தக் கல்லாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் கோரண்டம் என்ற சொல் நம் குருந்தத்திலிருந்து போனதுதான். மோ கடினத்தன்மை அளவில் வைரம் 10, குருந்தம் 9. தெருவிலிருந்து நம் காலோடு வரும் மணலில் உள்ள குவார்ட்சு 7. எனவே மணல் இந்த மேற்பரப்பை எளிதில் கீறுவதில்லை.

இரண்டாவது அடுக்கு, மர வரிகள் அச்சிட்ட தாள். நான்காவது, பலகை வளையாமல் சமநிலை காக்க அடியில் ஒட்டிய தாள்.

இவற்றுக்கு நடுவே இருக்கும் மூன்றாவது அடுக்குதான் பலகையின் உடல். இதை அடர் இழைப்பலகை என்பார்கள். கடைக்காரரிடம் எச்.டி.எஃப். என்றால் புரியும். மரச்சில்லுகளை நீராவியில் மென்மையாக்கி, பஞ்சு போல இழை இழையாக அரைத்து, பிசின் சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்கிறார்கள். நம் நாட்டில் இழைப்பலகைக்குத் தைலமரம் போன்ற தோட்ட மரங்கள் பெரிதும் பயன்படுகின்றன. இதன் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 800 கிலோகிராமுக்கும் மேல். தேக்கைவிட அதிகம்! காட்டிலிருந்து முதிர்ந்த மரத்தை வெட்ட வேண்டியதில்லை என்பது இதன் நல்ல பக்கம். கெட்ட பக்கமும் இதே அடுக்கில்தான் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

கல் ஏன் குளிர்கிறது?

ஒரு சிறு சோதனை. உங்கள் வகுப்பில் இரும்புக் கால் வைத்த மரப் பெஞ்சு இருக்கும். ஒரு கையை மரத்தின் மேலும் மறு கையை இரும்பின் மேலும் வையுங்கள். இரும்பு குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் வெப்பமானி வைத்துப் பார்த்தால் இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே!

காரணம் இதுதான். நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 டிகிரி. அறையும் பெஞ்சும் 28 டிகிரியில் இருந்தால் வெப்பம் தோலிலிருந்து பெஞ்சுக்குப் போகும். இரும்பு அதை வேகமாக இழுத்துக்கொள்கிறது, மரம் மெதுவாக வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு விரைவில் நாம் வெப்பத்தை இழக்கிறோம் என்பதைத்தான் தோல் "குளிர்ச்சி" என்று சொல்கிறது.

கிரானைட் கல், மரத்தைப் போல 15 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தவல்லது. அதனால்தான் கல் தரையில் கால் வைத்ததும் சில்லென்கிறது. சுவீடனின் பனிக்காலத்தில் யாரும் அப்படிப்பட்ட சில்லிப்பை விரும்பமாட்டார்கள். காலுக்கு இதமான மரமே அங்கு வேண்டும். சித்திரை மாத விழுப்புரத்தில்? மதியம் வெறுந்தரையில் தலை சாய்த்துப் படுக்கும் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். நமக்கு வேண்டியது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் தரைதான். மார்கழி அதிகாலையில் மூட்டுவலி உள்ளவர்களுக்கு மரத் தரை இதமாக இருக்கும் என்பதும் உண்மையே. ஆனால் நம் ஊரில் மார்கழியைவிட வெயில் மாதங்களே அதிகம்.

மரம் நீரைக் குடிக்கிறது

மழைக்காலத்தில் மரக்கதவு நிலையில் இறுகிக்கொண்டு திறக்க மறுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மரத்தின் பெரும்பகுதி செல்லுலோஸ். அதன் மூலக்கூறு நெடுகிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. இவை காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். நீர் புகுந்ததும் இழைகள் பருக்கும். காற்று வறண்டால் நீர் வெளியேறும், இழைகள் சுருங்கும்.

காற்றின் ஈரப்பதம் 50 சதவிகிதமாக இருக்கும்போது மரத்தில் அதன் உலர் எடையில் சுமார் 9 சதவிகிதம் நீர் இருக்கும். ஈரப்பதம் 90 சதவிகிதமானால் அது சுமார் 20 சதவிகிதமாக உயரும். கோடையில் வறண்டும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்தும் கிடக்கும் நம் பகுதியில், மரம் ஆண்டுதோறும் இப்படி ஏறி இறங்கியே ஆகவேண்டும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இழைப்பலகை மீட்டருக்கு 2 மி.மீ. விரிவதாகக் கொள்வோம். 4 மீட்டர் அகல அறையில் மொத்த விரிவு 8 மி.மீ. சுவரோடு ஒட்டித் தரையைப் போட்டுவிட்டால் அந்த 8 மி.மீ. எங்கே போகும்? நடுவில் கூடாரம் போலத் தூக்கிக்கொள்ளும்! தண்டவாளங்களுக்கு இடையே முன்பு இடைவெளி விட்டதைப் போல, லாமினேட் தரைக்கும் சுவர் ஓரமெங்கும் ஏறத்தாழ 10 மி.மீ. இடைவெளி விடுகிறார்கள். அதைச் சட்டம் வைத்து மறைத்துவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பலகைக் கட்டுகளைப் பிரிப்பதற்கு முன் இரண்டு நாட்கள் அதே அறையில் வைத்திருப்பதும் இதற்காகவே. அந்த அறையின் காற்றுக்கு மரம் பழகிக்கொள்ள வேண்டும்.

நீரால் பருக்காத மரம் உலகில் இல்லையா? இருக்கிறது, உங்கள் மாவட்டத்திலேயே! விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்குப் போய்ப் பாருங்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னரா 1781ஆம் ஆண்டிலேயே அவற்றைப் பற்றிக் குறிப்பிட்டார். இன்று அது தேசிய புவியியல் நினைவிடம். புதையுண்ட மரத்தின் செல்லுலோஸ் இருந்த இடத்தில் சிறிது சிறிதாகச் சிலிக்கா படிந்துவிட்டது. மர வரிகள் அப்படியே இருக்கின்றன. நீரை ஈர்க்கும் செல்லுலோஸ் மட்டும் இல்லை. அதனால் எத்தனை மழையில் நனைந்தாலும் அந்த மரம் பருப்பதில்லை.

மைலம் மழை சொன்ன பாடம்

காற்றின் ஈரம் ஒருபுறம் இருக்கட்டும். தண்ணீரே வீட்டிற்குள் வந்துவிட்டால்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தபின்னும் விரைந்து நகராமல் அப்பகுதியிலேயே நின்று கொட்டியது. திண்டிவனத்திற்கு அருகிலுள்ள மைலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை பதிவாயிற்று. தொடர்ந்து தென்பெண்ணையாற்று வெள்ளமும் சேர்ந்து, விழுப்புரம் மாவட்டத்தில் ஏராளமான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

அப்படி நீர் புகுந்த வீட்டில் சிமெண்டுத் தரையோ கல் தரையோ இருந்தால் என்ன செய்யலாம்? சேற்றை வாரி வெளியே கொட்டி, கழுவிவிட்டு, மறுபடியும் பாய் விரிக்கலாம். அடர் இழைப்பலகை நீரில் மூழ்கினால் அது முடியாது. ஏன்?

அவலை எண்ணிப் பாருங்கள். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கியதுதான் அவல். அதைத் தண்ணீரில் போட்டால் பருக்கிறது. மறுபடியும் வெயிலில் காயவைத்தால் பழைய தட்டை வடிவம் வருமா? வராது. இழைப்பலகையும் அப்படித்தான். இழைகள் நீரைக் குடித்துப் பருப்பது ஒன்று. ஆலையில் அழுத்தப்பட்டபோது இழைகளுக்குள் அடங்கிக் கிடந்த அழுத்தம், பிசினின் பிடி தளர்ந்ததும் விடுபட்டு நிமிர்வது மற்றொன்று. நீர் காய்ந்தால் முதல் பருமன் குறையலாம். இரண்டாவது குறையாது. அதனால் ஓரங்கள் வீங்கியே நிற்கும், பூட்டுகளும் பொருந்தா.

வெள்ளம் வேண்டாம், நம் அன்றாடப் பழக்கங்களே போதும். ஈரத்துணியால் தரையைத் துடைக்கிறோம். பண்டிகைக்கு முன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். மேற்பரப்பு மெலமைன் நீரைத் தடுக்கும் என்றாலும், பலகைகள் சேரும் இடங்களில் நின்ற நீர் மெல்ல உள்ளே இறங்கும். லாமினேட் தரையை நன்கு பிழிந்த துணியால்தான் துடைக்கலாம். இப்போது நீரை நெடுநேரம் தாங்கும்படி விளிம்பில் மெழுகு பூசிய பலகைகளும் வருகின்றன. அவையும் சில மணி நேரம் தாங்குமே தவிர, வெள்ளத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இன்னும் இரண்டு செய்திகள்

முதலாவது, கரையான். செல்லுலோஸ் எங்கே உண்டோ அங்கே கரையானுக்கு உணவு உண்டு. அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் செல்லுலோஸைச் சிதைத்துக் கொடுக்கின்றன. தரையின் அடியில் இருட்டு, ஈரம், அசையாத காற்று. கரையானுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டு அடித்தளத்தில் கரையான் தடுப்பு மருந்து செலுத்தாமல் கீழ்த்தளத்தில் இழைப்பலகை போடுவது ஆபத்து.

இரண்டாவது, ஃபார்மால்டிஹைடு. இழைப்பலகையின் பிசின் இதைக் கொண்டே செய்யப்படுகிறது. சிறிதளவு வாயு பல மாதங்கள் வரை கசிந்துகொண்டிருக்கும். கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் உண்டாகலாம். மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் இதனை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் சேர்த்தது. வெப்பமும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். நம் ஊரில் இரண்டுமே அதிகம்! எனவே ஐரோப்பிய அளவுகோலின்படி "இ 1" என்று முத்திரையிட்ட பலகையாகக் கேட்டு வாங்க வேண்டும். சோதனை அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.124 மில்லிகிராமுக்கு மேல் இந்த வாயு சேரக்கூடாது என்பது அதன் பொருள். தரை போட்ட முதல் சில வாரங்கள் சன்னல்களை நன்றாகத் திறந்து வையுங்கள்.

செய்து பாருங்கள்

சோதனை 1: கடையில் லாமினேட் பலகையின் மாதிரித் துண்டு ஒன்று கேளுங்கள். அதன் தடிமனை வெர்னியர் அளவியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் நீரில் மூழ்கவைத்து மீண்டும் அளவுங்கள். அதிகரித்த தடிமனை முதல் தடிமனால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வீக்கச் சதவிகிதம் கிடைக்கும். ஒரு வாரம் காயவைத்து மூன்றாம் முறை அளவுங்கள். முதல் அளவு திரும்புகிறதா? அவல் கதை புரியும்.

சோதனை 2: உங்கள் வீட்டுக் கீழ்த்தளச் சிமெண்டுத் தரையில் அரை மீட்டர் சதுர பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளின் அடிப்புறத்தைப் பாருங்கள். நீர்த்துளிகள் இருந்தால் மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியாக மேலேறி வருகிறது என்று பொருள். அத்தகைய தரையின் மேல் மரத் தரை வேண்டவே வேண்டாம்.

சோதனை 3: உபரியாகக் கிடக்கும் கடப்பைக் கல் துண்டின் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் பளபளப்பு இழந்திருக்கும். கடப்பைக் கல் ஒரு சுண்ணாம்புக்கல். கால்சியம் கார்பனேட்டை அமிலம் அரிக்கிறது. கிரானைட்டில் இதே சோதனையைச் செய்தால் ஒன்றும் ஆகாது. எனவே கல் என்றாலே எல்லாம் ஒன்றல்ல!

கடையில் கேட்க வேண்டியவை

மரத் தரை என்று சொன்னதும் "உள்ளே என்ன?" என்று கேளுங்கள். அது முழு மரமாக இருக்கலாம்; இழைப்பலகையாக இருக்கலாம்; பி.வி.சி. பிளாஸ்டிக்கும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்த எஸ்.பி.சி. பலகையாகவும் இருக்கலாம். மூன்றும் மேலே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பழுப்பு நிறத்தில் இழை இழையாக இருந்தால் இழைப்பலகை. சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் எஸ்.பி.சி. இது நீரில் பருப்பதில்லை, கரையானுக்கு உணவும் ஆவதில்லை. ஆனால் கழித்த துண்டுகளைப் போகியன்று தீயில் போட்டுவிடாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வெளிவரும்.

அடுத்து, தேய்மானத் தரம். "ஏசி 3", "ஏசி 4" என்று அட்டையில் எழுதியிருக்கும். குளிர்சாதனப் பெட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை! சுழலும் தேய்ப்புச் சக்கரத்தை எத்தனை சுற்றுகள் தாங்குகிறது என்பதை வைத்துத் தரும் தர எண் அது. எண் கூடினால் தேய்மானம் குறையும். வீட்டிற்கு ஏசி 3 போதும். தேய்மானத் தரத்திற்கும் நீரைத் தாங்கும் திறனுக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

எந்த அறைக்கு எது?

இப்போது நாமே முடிவுக்கு வரலாம். கூடம், சமையலறை, குளியலறையை ஒட்டிய இடங்கள் ஆகியவற்றில் நீர் புழங்கும். கீழ்த்தளமாக இருந்தால் மண்ணின் ஈரமும் கரையானும் வெள்ளமும் சேர்ந்துகொள்ளும். அங்கெல்லாம் கல், சிமெண்டு, டைல்ஸ் ஆகியவையே ஏற்றவை. கல்லுக்கு வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. குன்னம் கறுப்பு எனப் பெயர் பெற்ற கல் விழுப்புரம் மாவட்டத்தில்தான் வெட்டப்படுகிறது. வணிகத்தில் அதைக் கறுப்புக் கிரானைட் என்பார்கள். புவியியலார் டாலரைட் என்பார்கள். பாறைக்குழம்பு உறைந்து உண்டான உறுதியான கல் அது.

மாடியில் நீர் புழங்காத படுக்கையறையோ படிக்கும் அறையோ இருந்தால், அங்கே லாமினேட் தரையைத் தாராளமாக எண்ணிப் பார்க்கலாம். பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே போடலாம். வேண்டாமென்றால் கழற்றியும் எடுக்கலாம். மணலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. செருப்பை வாசலில் விடும் நம் வழக்கமே அதற்குப் பாதிக் காவல்.

லாமினேட் மோசமான பொருள் அல்ல. குளிர் நாட்டில், செருப்போ காலுறையோ அணிந்து நடக்கும் வீட்டில், தண்ணீர் கொட்டிக் கழுவாத தரைக்காக அது உருவாக்கப்பட்டது. நம் வீட்டில் அத்தகைய இடம் எது என்று கண்டறிந்து அங்கே பயன்படுத்துவதுதான் அறிவுடைமை. உங்கள் வீட்டில் தரை பற்றிப் பேச்சு எழும்போது, வீங்கிய மாதிரித் துண்டையும் அளவுகள் குறித்த தாளையும் அப்பா அம்மாவிடம் எடுத்துக் காட்டுங்கள். கடையின் விளம்பர அட்டையைவிட அந்தத் தாள் அவர்களுக்கு அதிகம் பயன்படும்.